வேணாம்னா சொல்லுங்க

போன புரட்டாசியில் நடந்தது இது. அரிமளம் பக்கம் ஒரு சின்ன ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லிக் கடை வைத்திருக்கிறோம். காலையில் கடைக்கு இலை அறுக்கக் கொல்லைக்குப் போனேன். தொரட்டியைப் போட்டு உயரத்து வாழை இலையை இழுத்தபோது பக்கத்துப் பனை ஓலையும் சேர்ந்து ஆடியது. அதில் கதண்டு கூடு கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. கதண்டைச் சாதாரணக் குளவி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் கதண்டு கடித்துச் செத்த மாடும் உண்டு, மனுஷரும் உண்டு. கூடு கலைந்து வந்தவை தலை, கழுத்து, முதுகு என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி வண்டியில் தூக்கிப் போட்டு, புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எமர்ஜென்சியில் சேர்த்தார்கள்.

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிய பிறகு எனக்கு உயிர் வந்தது. முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. கதண்டு விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதனால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். அப்போதுதான் நர்ஸ் சொன்னார்:

“அக்கா, இங்க எமர்ஜென்சியில யாருக்கு ரத்தம் எடுத்தாலும் எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை பி, சி, இது மூணுக்கும் சேத்துத்தான் பாக்குறோம். ஒங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, பாக்க மாட்டோம். வைத்தியம் எப்பயும் போலத்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதண்டு கடித்து வந்தவளுக்கு எய்ட்ஸ் டெஸ்ட்டா? என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இவளுக்கு? எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர், திருக்கை மீன் முள் குத்திய காலோடு படுத்திருந்தார். அவரிடமும் அதே பேச்சு. அதற்கு அடுத்து நெஞ்சுவலி என்று வந்திருந்த, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். அவரிடமும் ஒரு எழுத்து மாறாமல் அதே பேச்சு. அவர்கள் பாட்டுக்குக் கையை நீட்டினார்கள்.

இப்போது நான் மட்டும் ‘வேணாம்’ என்று கத்தினால் என்ன ஆகும்? இவளுக்கு என்னமோ இருக்கிறது, அதுதான் பயப்படுகிறாள் என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று.

மறுநாள் வீக்கம் வடிந்திருந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். துணிமணியை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டாக்டரம்மா வந்து, தனியாக ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். சின்ன வயசு, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எச்.ஐ.வி. இல்லை, சி இல்லை, ஆனால் பி இருக்கிற மாதிரி தெரிகிறது, இன்னும் சில டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றார்.

முதலில் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது, என்ன நினைப்பார் என்று. அடுத்து கடை. நம் கையால் இட்லி வாங்கித் தின்கிற ஜனங்களுக்கு இது தெரிந்தால்? “நான் வெளியில பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேனே டாக்டர்” என்று அழுதேன்.

“இது தண்ணியில வர்றது இல்லக்கா. சோத்துல, தட்டுல, இட்லியில ஒட்டுறது இல்ல. ரத்தத்துல வர்றது. நம்ம பக்கம் நெறையப் பேருக்குப் பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்துரும். வருஷக்கணக்கா வெளியிலயே தெரியாது” என்றார். பிறகு, “ஒங்க அம்மாவுக்கு ஈரல்ல எதாச்சும் வியாதி இருந்துச்சா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்லைங்க. எங்க அம்மாவுக்கு மருந்து வச்சுட்டாங்க” என்றேன்.

“என்ன மருந்து?”

அந்த டாக்டர் பெண்ணுக்கு இடுமருந்து என்றால் என்னவென்று தெரியவில்லை. சொன்னேன். ஆகாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் தங்கி ஆளை உருக்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், மருந்து எடுக்கிற ஆளிடம் கூட்டிப் போனார்கள். அந்த ஆள் வாந்தி எடுக்க வைத்து, அதில் உருண்டையாக எதையோ காட்டி, “கடைசியா யார் வீட்ல கை நனைச்சீங்க?” என்று கேட்டார். கண்மாயில் மீன் பிடித்த சமயம் அது. அப்பாவின் தம்பி பெண்டாட்டி, எங்கள் சின்னம்மா, விரால் குழம்பு வைத்து அம்மாவைக் கூப்பிட்டுச் சோறு போட்டிருந்தார். போதாதா? அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அம்மா அடுத்த தை பார்க்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. காலும் வீங்கியிருந்ததா என்று கேட்டார். ஆமாம். கண் மஞ்சளாக? ஆமாம். ரத்த வாந்தி? ஆமாம் டாக்டர், கடைசியில் அதுதான்.

“நான் அவங்களப் பாக்கல, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதெல்லாம் ஈரல் கெட்டுப்போனா வர்றது, அக்கா. ஒரு வேள சாப்பாட்டுல வர்றது இல்ல. உள்ளுக்குள்ள பல வருஷம் இருந்திருக்கும். கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?”

ஒரே தம்பி. “குடிப்பாரா?” என்று அடுத்துக் கேட்டார். என் முகமே சொல்லியிருக்கும். அவனுக்கும் இது இருந்து, மேற்கொண்டு குடியும் இருந்தால் ஈரல் தாங்காது, சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றார். அந்த நிமிஷமே என் நோய் எனக்கு மறந்துபோய்விட்டது. அம்மா சாகும்போது அவன் அரைக்கால் டவுசர் போட்ட பிள்ளை. அவனைத் தூக்கி வளர்த்தது நான்தான்.

தம்பி எங்கள் பிறந்த ஊரில், அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறான். லோடு வண்டி ஓட்டுகிறான். சின்னம்மா வீடு எதிர்த்தாற்போல். அந்த வீட்டு ஆடு இங்கிட்டு வந்தால்கூட இவன் கையிலிருந்து கல் பறக்கும். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தான்.

“அந்தப் பொம்பள வச்ச மருந்துக்கு ஆஸ்பத்திரியில புதுசாப் பேரு வச்சுட்டாய்ங்களாக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லத் தின்னாலும் செரிக்கும்.”

கெஞ்சினேன், திட்டினேன், அம்மா மேல் சத்தியம் கேட்டேன். எதற்கும் அசையவில்லை. டெஸ்ட் எடுத்தால், அம்மா நோயில்தான் செத்தாள் என்று ஆகிவிடும். அப்புறம் இத்தனை வருஷம் சுமந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பான்? அதுதான் அவனுக்கு இருந்த பயம் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது.

அப்போது தம்பி பெண்டாட்டி காப்பி கொண்டுவந்தாள். அவனுக்கு டம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில். அவள் கெட்டவள் இல்லை, பிள்ளைகள் இருக்கிற வீடு, பயம். ஆனாலும் அந்தக் கப்பை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தேன். வாசலைப் பார்த்தேன். எதிர்வீட்டில் சின்னம்மா குனிந்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இது ஒரு கப் காப்பி. அவருக்கு? சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் அவர் கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து சமையலுக்கு ஆள் வைத்து, “நான் அடுப்புப் பக்கமே போகல, தைரியமாச் சாப்பிடுங்க” என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாராம். நாங்கள் போகவில்லை, கேள்விப்பட்டதுதான். கேள்விப்பட்ட அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். ‘டெஸ்ட் எடுக்க வாரியா’ என்று கேட்டால் இவன் சாகும்வரை ‘வரல’ என்றுதான் சொல்வான். என்னை அந்த நர்ஸ் அப்படியா கேட்டார்?

“டேய், நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குப் போறோம். ஒனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியாச்சு. வேணாம்னா இப்பவே சொல்லிரு, நான் பாட்டுக்குப் போறேன்” என்றேன்.

டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்” என்றாள் அவன் பெண்டாட்டி. சொல்லவில்லை. காலையில் நான் போனபோது, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றான். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும்.

அவனுக்கும் இருந்தது. என்னைவிட அதிகமாக இருந்தது. ஸ்கேனில் ஈரல் தழும்பேறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. முற்றவில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, குடியை அடியோடு விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. “கதண்டுக்கு ஒரு கும்பிடு போடு” என்றார் வீட்டுக்காரர். இவ்வளவு நல்ல மனுஷரை நினைத்தா அன்றைக்குப் பயந்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

ரிசல்ட்டெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஊர் வரப்போகிற நேரத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்:

“அப்ப சின்னம்மா ஒண்ணும் வைக்கலயாக்கா?”

விவரம் தெரிந்த நாளாக ‘அந்தப் பொம்பள’ என்றே சொன்னவன். “இல்லடா” என்றேன். வயது நாற்பதை நெருங்குகிறவன், பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இறங்கி நேராக எதிர்வீட்டுக்குத்தான் போனோம். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து எழுந்து, சுவரோரம் ஒதுங்கி நின்றார். என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“சின்னம்மா, பசிக்குது. சோறு போடுங்க” என்றேன்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இருத்தா... கடையில பரோட்டா வாங்கியாரச் சொல்றேன்” என்றார்.

“வேணாம் சின்னம்மா. நீங்க ஆக்குன சோறு” என்றான் தம்பி.

தட்டு வைத்தார். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். எங்கள் தட்டில் பரிமாறிவிட்டு, அதே சட்டியிலிருந்து தன் உள்ளங்கையில் ஒரு வாய் பிசைந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தான் முதலில் தின்று விழுங்கினார். அதற்குப் பிறகுதான் “சாப்பிடுங்கத்தா” என்றார். எங்களுக்கென்று செய்தது அல்ல அது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தானாம், பேரப்பிள்ளைகளுக்குப் போட்டாலும் அப்படித்தானாம். கை பழகிவிட்டது.

நான் அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தம்பிதான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றான். எல்லாவற்றையும் சொன்னோம். சின்னம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. “ஒங்க அம்மா அன்னைக்கி ரொம்ப நல்லாருக்குன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா” என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷமும் அதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

பெயர் போடாமல்தான் இதை எழுதுகிறேன். இட்லிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று ஊரில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கடையில் யாராவது ‘எனக்கெதுக்கு டெஸ்ட்டு’ என்று வாயை எடுத்தால் மட்டும் சும்மா விடுவதில்லை, சட்னி ஊற்றாமல் நின்று பிரசங்கம் செய்துவிடுகிறேன். அன்றைக்கு வீறாப்பாக ‘வேணாம்’ என்று நான் சொல்லியிருந்தால் கதண்டுக் கடி மட்டும் ஆறியிருக்கும்; அம்மா போன வழியில் தம்பியும் போயிருப்பான், சின்னம்மா தான் ஆக்கிய சோற்றைத் தானே முதலில் தின்று காட்டிக்கொண்டே மிச்ச நாளையும் கழித்திருப்பார்.