மஞ்சள் தண்ணீரில் அலசிய முருங்கை இலை

காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் முருங்கை இலையைக் கொதிக்கவைத்து, ஒரு வாய்கூடக் குடிக்காமல் வடிகட்டி வைப்பது எனக்குக் கொரியாவுக்கு வந்துதான் பழக்கமாயிற்று. அந்தக் கஷாயத்தில் துத்தநாக உப்பைச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு துகள்கள் உண்டாகும். நானோ துகள் என்பார்கள். அவை ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டினால் புரதத்தின் ஒளிர்வு மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளப்பதுதான் என் வேலை. இந்தக் குளிரில் முருங்கைக்கு எங்கே போவது? ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து அக்காதான் காயவைத்து அனுப்புவாள். எங்கே வாங்குகிறாய் என்று பேராசிரியர் கேட்டபோது "சிஸ்டர்" என்றேன். மனிதர் அதைக் கம்பெனிப் பெயராகக் கட்டுரையில் எழுதிவிட்டார்.

என் துகள்கள் புரதத்தோடு அப்படி ஒட்டின! கட்டுரை வெளியானால் வேலை இன்னொரு வருடம் நீளும், விசாவும் நீளும். அனுப்புவதற்கு முந்தின வாரம், எதற்கும் இருக்கட்டும் என்று, துகளே இல்லாத வெறும் கஷாயத்தைப் புரதத்தில் விட்டுப் பார்த்தேன். ஒளி ஏறக்குறைய அதே அளவு மங்கியது. வெள்ளையாக இருக்க வேண்டிய துகள் ஏன் இளமஞ்சளாக இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். மஞ்சளைப் பார்த்து மஞ்சள் என்று தோன்றாத அளவுக்குப் படித்திருந்தேன்.

காலிங் கார்டைச் சுரண்டி அக்காவைக் கூப்பிட்டேன்.

"இலைல இன்னாக்கா போட்ட?"

"இன்னாத்த போட்டேன்? மாடில காய வெச்சா ஹார்பர் கரி லாரி தூசு அத்தினியும் அதும்மேலதான் குந்திகினு கீது. மஞ்சத்தண்ணில மூணு தபா அலசினேன்."

"நான் துன்றதுக்கு இல்லக்கா, மிஷினுக்கு."

"தெரியும்டா. தம்பி கைல புடிக்கிற சாமான கலீஜா அனுப்புவனா?"

கோபமே வரவில்லை. மஞ்சளும் புரதத்தோடு நன்றாக ஒட்டும். இத்தனை மாதமும் நான் பெரும்பாலும் அதைத்தான் அளந்திருக்கிறேன்.

அக்கா மஞ்சளில் அலசியதை மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். "வேண்டுமென்றே கலந்தாரா?" என்று கேட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் என்றேன். கட்டுரையை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து செய்ய மூன்று மாதம் கொடுத்தார். அதற்குமேல் அவர் கையில் இல்லை.

அடுத்த பார்சலில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் "தம்பிக்கு", மற்றதில் "மிஷினுக்கு" என்று எழுதியிருந்தாள். மிஷினுக்கு வந்ததை அலசாமல் அனுப்பச் சொன்னது நான்தான். காய்ச்சி வடித்த நீரில் போட்டதும் தண்ணீர் கறுத்தது. இரண்டாம் தண்ணீரும் கறுத்தது. அக்கா அந்த மாடியில் தினமும் மூச்சாக இழுப்பது இதைத்தான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.