பால் பாட்டிலும் பக்கத்து வீட்டுக் கோழிகளும்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழி மாதம், நாமக்கல்லில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் வெல்டர். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. இரண்டு மாதமாக ஓயாத இருமல். மருந்து கொடுத்தால் நான்கு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் நெஞ்சில் கர்கர் சத்தத்தோடு திரும்பி வந்துவிடும். ஒரு முறை நிமோனியா என்று ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டதாகவே நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஏழு நாட்டுக்கோழிகள் வளர்த்தார். இறகும் தூசியும் எங்கள் வாசல் வரை வரும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் கத்தினேன்.

"உங்க கோழியாலதான் எம் புள்ளைக்கு மூச்சு முட்டுது. உங்களுக்குக் கோழி பெருசா, கொழந்த பெருசா?"

மறுநாள் காலையில் அக்கா ஏழு கோழிகளையும் கூடையில் போட்டு, ராசிபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். "கோக்கோ எங்க?" என்று என் மகள்தான் வாசலில் நின்று அழுதாள். எனக்கோ ஜெயித்துவிட்ட நினைப்பு.

மூன்று வாரமாகியும் இருமல் போகவில்லை. சேலத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். மேல் வரிசை முன்பற்கள் பழுப்பேறி அரித்திருந்தன.

"பாப்பாவ எப்படித் தூங்க வைக்கறீங்க?"

நான் பெருமையாகவே சொன்னேன். "நான்தானுங்க மேடம். பட்டறையிலருந்து வந்ததும் மடியில படுக்கப் போட்டு பாட்டில்ல பால் குடுப்பனுங்க. குடிச்சுக்கிட்டே தூங்கிரும்."

"பல்லு வெளக்கி விடறீங்களா?"

"பால் பல்லுதானுங்களே, எப்படியும் உழுந்துரும்னு..."

டாக்டர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். வயிறு நிறையப் பாலோடு படுக்க வைத்தால், புளித்த பால் மேலே எதுக்களித்து வருமாம். அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடலாம். விளக்காத வாயில் இருக்கும் கிருமிகளும் கூடவே போகலாம். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது, உங்கள் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன் என்றார். தினமும் காலையில் அவள் வாயிலிருந்து வந்த புளிப்பு வாடையை நானும்தான் முகர்ந்திருக்கிறேன். பால் வாசம் என்று கொஞ்சியிருக்கிறேன்.

"அப்ப கோழித் தூசி இல்லீங்களா மேடம்?"

"அதுனாலன்னா, கோழி போனதும் இருமல் கொறைஞ்சிருக்கணுமே?"

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் தந்த மருந்தோடு எல்லாவற்றையும் மாற்றினோம். பாட்டில் போய் டம்ளர் வந்தது. சாப்பாடும் பாலும் படுப்பதற்கு வெகு முன்னதாகவே முடிந்தன. பல் விளக்குவதுதான் பெரிய போராட்டம். கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள்: என் பல்லை அவள் விளக்குவாள், அவள் பல்லை நான் விளக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து, முகமெல்லாம் நுரையோடு இருவரும் விளக்குவோம். ஒரு மாதத்தில் கர்கர் சத்தம் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "தப்பு என்னோடதுங்க்கா" என்றேன்.

"வருத்தமில்லீன்னு சொன்னா அது பொய்யி தம்பி" என்றார் அவர். "ஆனா சாமிக்கு ஒடம்பு நல்லாயிருச்சல்லோ, அது போதும்."

அன்றே எல்லோரும் ராசிபுரம் போனோம். அங்கே ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்திருந்தது. ஏழு கோழிகளோடு பதினோரு குஞ்சுகளும் எங்களுடன் பஸ் ஏறின. கூடையிலிருந்து கிளம்பிய கீச்கீச் சத்தத்தைக் கேட்ட கண்டக்டர், "ஏனுங்க, குஞ்சுக்கெல்லாம் அரை டிக்கெட்டுங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவரை அவள் எப்போது சிரித்தாலும் அது இருமலில்தான் முடியும். பழக்கத்தில் அவள் முதுகைத் தடவக் கையைத் தூக்கினேன். இருமல் வரவில்லை. அக்காவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யார் மேலாவது பழி போட வாயெடுக்கும் போதெல்லாம், அந்த டாக்டர் முன்னால் பெருமையோடு பதில் சொன்ன என் குரல்தான் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.