தர்மாஸ்பத்திரிக்குப் போன கடைக்காரர் மகள்

அக்காவுக்குக் கண்வலி வந்த கோடையில் எங்கள் ஊரில் வைத்தியத்துக்கு இரண்டு வழிதான் இருந்தது. காசு உள்ளவர்கள் பீச் ரோட்டுப் பக்கம் இருந்த டாக்டரிடம் போவார்கள். ஃபீஸ் ஒரு பக்கம் இருக்க, அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தெல்லாம் யுத்தத்தால் யானை விலை. மற்றவர்கள் காலிப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே டாக்டரும் சும்மா, மருந்தும் சும்மா, பாட்டில் மட்டும் நம்முடையது. ஊரில் அதற்குத் தர்மாஸ்பத்திரி என்று பேர். அந்தத் தர்மம் என்ற வார்த்தைதான் அப்பாவுக்கு ஆகாது.

அப்பா துறைமுகத்துக்குப் போகும் வழியில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோணிக்காரர்கள் கொழும்புப் பயணத்துக்கு வேண்டிய மிளகாய், புளி, கருப்பட்டி எல்லாம் எங்களிடம்தான் கடனுக்கு எடுப்பார்கள். கடை பெரிதல்ல, பேர் பெரிது. மொத்த வியாபாரிகள் அவர் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கை இறக்கிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை சும்மா கிடைக்கும் மருந்துக்கு வரிசையில் நின்றால் கடை ஆட்டம் கண்டுவிட்டது என்று பேச்சுக் கிளம்பும், மறுவாரம் சரக்கு வராது என்று பயந்தார். பயம் முழுக்கப் பொய்யில்லை. ரேஷன் வந்த பிறகு கடை உண்மையிலேயே ஆட்டத்தில்தான் இருந்தது. ஆக டாக்டரிடம் போக வசதியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக மனதில்லை. அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். வலது கண் வீங்கி மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் ஒரு தோணிக்காரர் குடும்பம். அந்த வீட்டம்மாவை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அக்காவுக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்டதோடு நிற்காமல், அவளைத் தன்னோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் வந்து நின்றார்.

“எம் மவதான்னு சொல்லிக்கிடுதேன். யாரு கேக்கப்போறா?”

அம்மா அப்பாவிடம் சொல்லாமல் அனுப்பினாள். அக்கா பொட்டை அழித்து, முக்காடு போட்டுக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துப் போனாள். எனக்கு அது நாடகத்துக்கு வேஷம் கட்டுவது மாதிரி வேடிக்கையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு, கட்டுப் போட்டார்கள். தினமும் வர வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னாராம். அப்படியே போய் வந்ததில் வீக்கம் வடிந்தது. அக்கா அழாமல் தூங்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் ஒரு மொத்த வியாபாரி கடைக்கு வந்து, நல்ல மனதோடுதான், விசாரித்தார்.

“அண்ணாச்சி, மூத்த பிள்ளைய தர்மாஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன். வியாபாரம் எப்படிப் போகுது?”

அப்பா வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. இனி அங்கே போக வேண்டாம், தோணிகள் திரும்பிப் பணம் வந்ததும் பீச் ரோட்டு டாக்டரிடமே காட்டிவிடலாம் என்றார். மறுநாள் காலை அத்தை பாட்டிலோடு வாசலில் நின்றார். அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காற்று சரியில்லாமல் தோணிகள் வரத் தாமதமாயிற்று. கடைசியில் டாக்டரிடம் போனபோது கண்ணில் பூ விழுந்திருந்தது. அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்றார். அதைச் சொன்னதற்கும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், காசும் யாரும் கேட்கவில்லை. நடந்து போகிற தூரம்தான்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் கடையை மூடும்படி ஆகிவிட்டது. அப்பாவுக்குக் காலில் ஆறாத புண் வேறு. தர்மாஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லை. அக்காதான் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றதும் அப்பா துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் காதோரம் மெல்லக் கேட்டார்.

“ஏளா, வலது பக்கம் தெரிஞ்ச ஆளு யாராவது நிக்காவளா, பாரு.”

“அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுல்லாப்பா” என்றாள் அக்கா.

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.