எபிசு சாமியின் பின்சுவர்

கினுவுக்கு ரகசியம் பேச வராது. பதினேழு வயதிலிருந்து கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறாள், இப்போது அறுபத்திரண்டு. ஆழம் அவள் காதைத் தின்றுவிட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைப்பு. முப்பது வருஷம் ஒரே படகில் போய்வந்த என் காது பிழைத்திருப்பதே பெரிது.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்து வீட்டு தோகுஜி மேல் கண். கணவாய் மீன் காயவைக்கும் மனுஷன். வாயில் எப்போதும் கொழுக்கட்டை. தினமும் நாலு கணவாயை அவள் வாசலில் தொங்கவிட்டுப் போவாரே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. திங்கட்கிழமை மகனோடு இருக்க நகோயா பட்டணத்துக்குப் போகிறார் என்று கேட்டதிலிருந்து கினுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வாக்கா, சாமிகிட்ட சொல்லிடுவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் கடற்கரைக் கோயிலில் இருப்பது எபிசு சாமி. மீன்காரர்களின் சாமி, காதுதான் மந்தம். முன்னால் இரண்டு தரம் குனிந்து, கைதட்டிக் கும்பிட்டால் போதாது. பின்பக்கம் போய்ப் பலகைச் சுவரைத் தட்டி வேண்டுதலைச் சொல்ல வேண்டும். செவிடருக்கு ஏற்ற செவிடி என்று எனக்குச் சிரிப்பு.

கினு மூன்று தட்டு தட்டினாள். "சாமி! அந்த மரமண்டை தோகுஜிய நகோயாவுக்கு அனுப்பாதே! அவரு போயிட்டா நான் யாரப் பாத்து இருப்பேன்?"

"மெதுவாடி!" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

"மெதுவாத்தான் சொல்றேன்!"

கடற்காகங்கள் எழுந்து பறந்தன. நாங்கள் முன்பக்கம் வந்தால், கோயில் வாசலில் சாமிக்குப் புது வைக்கோல் கயிறு கட்ட ஏணியில் நிற்கிறார் தோகுஜி! முகம் வெந்த நண்டு மாதிரி. கினு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அவர் இறங்கி, எங்களைத் தாண்டிப் பின்பக்கம் போனார். போச்சு என்று நினைத்தேன். சுவரில் மூன்று தட்டு. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார்.

"சாமி! எனக்கு நகோயா பிடிக்கவேயில்ல! இருன்னு சொல்ல ஆளில்லாமத்தான் கிளம்பினேன்! இனிமே போகல!"

கினு என் கையை உலுக்கினாள். "என்னக்கா சொன்னாரு? என்ன சொன்னாரு?"

அவள் காதில் கத்தினேன். "போகலையாம்டி! உன்னைக் கட்டிக்கிறாராம்!"

இரண்டாவது என் கைச்சரக்கு. மூலை திரும்பி வந்த தோகுஜிக்கு அது நன்றாகவே கேட்டது. வாயில் மறுபடி கொழுக்கட்டை. ஆனால் கினுவைப் பார்த்து, சாமிக்குக் குனிவதுபோல், இரண்டு தரம் குனிந்தார்.