தோல் உரித்த வயர்

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பேன். குழுவை நடத்துகிறவர், கீபோர்ட் வாசிக்கிறவர், இரண்டும் என் மனைவியின் அண்ணன்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். நான் இருக்கும் வீடும் அவர் தன் தங்கைக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்ததுதான். அதனால் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வருவார்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லியும் மாறவில்லை.

கிற்றாரின் சத்தத்தை மாற்றும் பெடல்கள் நான்கை ஒரு பலகையில் பொருத்தி வைத்திருந்தேன். அவற்றை இணைக்கக் கடையில் வாங்கிய வயர்கள் நீளமாக இருந்து காலில் சிக்கின. போன வருடம் மாதா திருவிழாவுக்குச் சற்று முன்னர், ஈயம் உருக்கிச் சோல்டர் வைக்கத் தேவையில்லாத பிளக்குகளும் ஒரு சுருள் கேபிளும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அளவுக்கு வெட்டி, பிளக்கில் செருகி, சின்னத் திருகாணியை இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரே பின்னேரத்தில் மூன்று வயர்களையும் செய்துவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் செபமான நவநாளின் முதல் நாள், ஆரம்பப் பாட்டில் பெடலை மிதித்தேன். கறகறவென்று ஓர் இரைச்சல், பிறகு ஒன்றுமே இல்லை. கம்பியை அடிக்கிறேன், சத்தம் இல்லை. மச்சான் பாட்டை நிறுத்தாமல் என் பகுதியையும் கீபோர்டிலேயே வாசித்தார். வாசித்துக்கொண்டே பாடுகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே என் பலகையிலிருந்து ஒரு வயரைப் பிடுங்கி ஆட்டிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் லைற் போடுற ஆள். சொந்த வயர்ல கரண்ட் இல்ல."

"அதில கரண்ட் போற இல்ல மச்சான். சத்தம்தான் போற."

"அதுவும் போகல்லயே. திருவிழாவுக்கு நீங்க கீழ சனத்தோட நிண்டு செபிச்சாக் காணும். மாதா அதையும் கேப்பா."

மனைவி அவருக்குச் சீனியை எடுத்து நீட்டினாள். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து எந்தத் திருவிழாத் திருப்பலியிலும் நான் வாசிக்காமல் இருந்ததில்லை. அதைத்தான் அவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் முடித்துவிட்டுப் போனார். அன்று செபமாலை சொன்னபோது மணிக்கு மணி அவர் முகம்தான் வந்தது. செபத்தை இடையில் விட்டுவிட்டு எழுந்தேன்.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். உள்கம்பியும் அதைச் சுற்றிய வலைக்கம்பியும் மூன்று வயரிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிளக்கைத் திறந்ததும் விளங்கியது. வயரைக் கண்டால் தோலை உரித்துக் கம்பியை முறுக்கிப் பழகிய கை என்னுடையது. இதையும் உரித்து முறுக்கித்தான் செருகியிருந்தேன். அந்த வலைக்கம்பி இழைகள் உள்ளே விரிந்து பிளக்கின் நடு ஊசியில் பட்டிருந்தன. பெட்டியோடு வந்த படத்தாளை நான் பிரித்தும் பார்க்கவில்லை. அதில் உரிப்பதே கிடையாது. நேராக வெட்டி, தோலோடு உள்ளே தள்ள வேண்டும். ஊசி தானாக உள்கம்பியில் குத்தும், திருகாணி தோலைத் துளைத்து வலைக்கம்பியைப் பிடிக்கும்.

பிழை என்னுடையது. அதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

சவர பிளேட்டால் முனைகளை நேராக வெட்டி மூன்றையும் திரும்பச் செய்தேன். திருவிழா அன்று எல்லோருக்கும் முதல் போய், என் இடத்தில் பலகையை வைத்துவிட்டு நின்றேன்.

"மறுகா என்னத்துக்கு இதக் கொண்டந்த?" என்றார் மச்சான்.

"வாசிக்க" என்றேன்.

சுவாமியார் பீடத்துக்கு வந்துகொண்டிருந்ததால் அவரால் மேலே பேச முடியவில்லை. பெடலை மிதித்தேன். சத்தம் சுத்தமாக வந்தது. என் பகுதியை விட்டுக்கொடுக்காமல், அவருடைய கீபோர்டை அமுக்கியே வாசித்தேன்.

திருப்பலியில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும் நேரம் அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சனத்துக்காக நீட்டினாரா, மனதோடு நீட்டினாரா, எனக்குத் தெரியாது. நான் குனிந்து, இறுகியிருந்த திருகாணியையே இறுக்கினேன்.

நற்கருணை அப்பம் வாங்கக் குழுவில் எல்லோரும் ஒவ்வொருவராகப் போனார்கள். அவரும் போனார். நான் போகவில்லை. அந்தக் கையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு எந்தக் கையை ஆண்டவரிடம் நீட்டுவது? பாட்டு நின்றுவிடக் கூடாது என்ற சாட்டில் தனியே வாசித்துக்கொண்டிருந்தேன். வயர் ஒருமுறையும் கறகறக்கவில்லை. வரிசையில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.