கையால் சொன்ன ஆட்டங்கள்

மில்லில் எங்கள் நூற்புக் கூடத்துக்குள் பேச்சு எடுபடாது. நீள நீளமான மிஷின்கள் வரிசையாக நின்று ஓடும். காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். அதனால் எல்லாரும் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வோம். தண்ணீர் வேண்டும், மேஸ்திரி வருகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். வாயே வேண்டாம் என்று இருக்கிற ஓர் இடம் உலகத்தில் உண்டு என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதல்.

புட்பால் ஆட்டங்களையும் அங்கே கையால்தான் சொல்வார்கள்.

எங்கள் மில்லுக்கு ஒரு டீம் இருந்தது. ஆடிக் காற்றில் லீக் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் முடியும். ரயில்காரர்கள், போலீஸ்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று எங்களோடு ஆறு டீம். ஒவ்வொரு டீமோடும் இரண்டு தடவை ஆட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் கூடமே மைதானத்தில் இருக்கும். வேலை நாளில் ஆட்டம் வந்தால் ஒருத்தன்தான் போக முடியும். அவனுடைய சைடை மற்றவர்கள் பங்கு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மிஷினின் ஒரு பக்கத்துக்குச் சைடு என்று பெயர். ஆளுக்கு இரண்டு சைடு. அறுந்த இழையை உடனே ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். விட்டால் பஞ்சு சுற்றிக்கொள்ளும். இழை ஓடுகிறதா என்றுதான் மேஸ்திரி பார்ப்பார். யார் நிற்கிறான் என்று பார்க்க மாட்டார்.

ஆட்டம் பார்த்தவன் மறுநாள் காலையில் கூடத்தின் நடுச்சந்தில் நின்று முழு ஆட்டத்தையும் கையால் சொல்ல வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே நான் நேரத்தோடு போவேன். மீசையை முறுக்கினால் போலீஸ் டீம். தலையை வாரினால் காலேஜ். முழங்கையை மடக்கிச் சுற்றினால் ரயில் டீம். இழை ஒட்டுகிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்தால் நாங்கள். மூடிய கை பந்து. அந்தக் கை இடது ஓரமாக ஓடி, ஒருத்தனை ஏமாற்றி, வளைந்து உள்ளே வரும்போது கூடத்தில் ஒருவர் கண்ணும் இமைக்காது. கால் மட்டும் சைடோடு நடந்துகொண்டிருக்கும். விரல்கள் தன்பாட்டுக்கு இழையை ஒட்டும். பந்தே இல்லாத இடத்தில் அத்தனை பேரும் பந்தைப் பார்த்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

யார் எந்த ஆட்டத்துக்குப் போவது என்று முறை வைத்தவர் எங்களில் மூத்தவர். சிம்மக்கல்லில் வீடு. எல்லாரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். சொல்வதற்கு அவர் வைத்த சட்டம் இரண்டு. சொல்கிறவன் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்ன ஆட்டத்தைத் திரும்பச் சொல்லக் கூடாது. முன்னொரு வருஷம் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தை இரண்டு விதமாகச் சொல்லி, கூடத்துக்குள்ளேயே கைகலப்பாகி விட்டதாம்.

டீமில் எங்கள் கூடத்து ஆள் ஒருத்தர்தான், கோல் காக்கிற கோலி. எனக்கு அடுத்த சைடுகாரர். நான் அண்ணே என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். உயரம் அதிகமில்லை. ஆனால் பந்து வருகிற இடத்துக்கு அவர் எப்படியோ முன்னாடியே போயிருப்பார். ஆட்டத்தன்று மூன்று மணிக்கு அவரை விட்டுவிடுவார்கள். அவருடைய இரண்டு சைடையும் சுற்றி இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வோம். அதை யாரும் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

அந்த வருஷம் முதல் மூன்று ஆட்டமும் எங்களுக்கு. அதற்குப் பிறகு வரிசையாக இரண்டு தோற்றோம். கூடத்தில் சிரிப்பே இல்லை. மறுபடி எழுந்து, புரட்டாசி பிறந்தபோது ரயில் டீமுக்கும் எங்களுக்கும் சம புள்ளி. எங்கள் மில் ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. இந்தத் தடவை வரும் என்று எல்லாரும் நம்பினோம்.

அப்போதுதான் போலீஸ் டீமோடு ஆட்டம். வேலை நாள். முறை எனக்கு வந்தது.

கிழக்குக் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டாம் பாதியில் எங்கள் கோலி அங்கேதான் நின்றார். எதிரே மேற்கில் வெயில் இறங்கியிருந்தது. போலீஸ்காரர் ஒருத்தர் பாதி மைதானத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடித்தார். பந்து மேலே போனது தெரிந்தது. அப்புறம் எனக்கே தெரியவில்லை. வெயிலுக்குள் போய் மறைந்துவிட்டது. கோலி ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். பந்து கைகளுக்கு நடுவே புகுந்து உள்ளே விழுந்தது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் நடுச்சந்தில் நின்றேன். அத்தனை கண்ணும் என் மேல். வாய் வேண்டாத இடம்தான், ஆனாலும் பழைய கூச்சம் வந்துவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. மீசையை முறுக்கினேன். பந்தை உயரத்தில் காட்டினேன். இரண்டு கையை விரித்தேன். நடுவில் புகுந்ததைக் காட்டினேன். என் சைடுக்குத் திரும்பிவிட்டேன். வெயிலைச் சொல்லவில்லை. கூடத்துக்குள் வெயிலுக்கு வேலை கிடையாது. இழை காய்ந்து அறுந்துவிடும் என்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் நீலம் பூசியிருப்பார்கள். அதனால் அதற்கு ஒரு சைகையும் கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்து காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கோலி நடந்து போனால் பத்து விரலையும் விரித்து, இடுக்கு வழியே அவரைப் பார்ப்பார்கள். சல்லடை என்று அர்த்தம். வாசலில் வாயாலும் கேட்டார்கள்.

"ஏண்ணே, வீட்டுல மாவு சலிக்கணுமாம். கைய ஒரு நாளைக்குக் குடுத்தனுப்புறீகளா?"

வெற்றிலைக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. பந்தாடிப் பழக அவர் கிளம்பும் நாட்களில் அவருடைய சைடுக்கு யாரும் போகவில்லை. நான் ஒருத்தனாக நாலு சைடையும் பார்க்க ஓடினேன். என்னுடையதும் கெட்டது, அவருடையதும் கெட்டது. ரோலரில் பஞ்சு பந்தாகச் சுற்றிக் கிடந்தது.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவர் கேட்டார்.

"மாப்ள, நீ கோலுக்குப் பின்னாடிதான நின்ன?"

"ஆமாண்ணே."

"வெயில் அடிச்சுச்சுல்ல?"

"அடிச்சுச்சுண்ணே."

"அதச் சொன்னியா?"

"இல்லண்ணே."

"சரி. எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுச்சோன்னு நெனச்சேன்" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

கடைசி ஆட்டம் ரயில் டீமோடு. ஜெயித்தால் நாங்கள் முதலாவது. அவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்ததால், சமமாக முடிந்தாலும் கோப்பை அவர்களுக்கு. ஆட்டத்துக்கு முந்தின நாள் மேஸ்திரி கோலியின் சைடுக்கு வந்து பஞ்சைப் பிய்த்துக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷின் நின்றதும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"நாளைக்கு ஒன் சைடப் பாக்க ஆள் இருந்தாப் போ. இல்லேன்னா நான் விட மாட்டேன். கோலுக்கு வேற ஆளப் போடச் சொல்லிருவேன்."

கோலி சுற்றிப் பார்த்தார். எல்லாரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பாயிடம் போனேன். போலீஸ் ஆட்டத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீயா?" என்றார். "ஒரு மணி நேர ஆட்டத்த நாலு கை அசைப்புல முடிச்ச ஆளுல்ல நீ."

"தப்பாச் சொல்லிட்டேன் பாய்."

"சொன்னது சொன்னதுதான் மாப்ள. ஒனக்காகச் சட்டத்த மாத்துனா, நாளைக்கு எல்லாப் பயலும் தோத்த ஆட்டத்த ஜெயிக்க வச்சுருவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு கண்ணாடி உடைந்து, அதில் சாக்கை அடைத்து வைத்திருந்தார்கள். என்ன செய்கிறேன் என்று முழுதாக யோசிக்காமலே போய் அந்தச் சாக்கை இழுத்துவிட்டேன்.

வெயில் உள்ளே பாய்ந்தது. நடுச்சந்து முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு மஞ்சள் பாதை. அதில் பஞ்சுத் தூசி கோடிக் கோடியாக மிதந்தது. தினமும் நாங்கள் மூச்சில் இழுத்த தூசி அதுதான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் அதற்குள்ளேயே நடந்திருக்கிறோம். நான்கூட ஒரு கணம் வந்த காரியத்தை மறந்து நின்றேன்.

சந்தின் மறு கோடியில் பாய் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நூல் சுற்றாத வெறும் பாபின் கட்டை ஒன்றை எடுத்தேன். மீசையை முறுக்கிக் காட்டினேன். பாபினை உயரத் தூக்கி அவரை நோக்கிப் போட்டேன். பிடியுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கினார். பாபின் கைகளுக்கு நடுவே இறங்கி அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

சத்தமில்லாமல் கூடமே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. பாபினைக் குனிந்து எடுத்தார். வெயிலைப் பார்த்தார். பிறகு கோலியைப் பார்த்தார். கோலி திரும்பாமல் தன் சைடில் இழை ஒட்டிக்கொண்டிருந்தார். பாய் பாபினைத் தன் பக்கத்து ஆளிடம் கொடுத்து, தான் நின்ற இடத்தில் அவனை நிற்க வைத்தார். அவனுக்கும் ஒன்றைப் போடச் சொல்லி எனக்குக் கை காட்டினார். அவனும் விட்டான். அடுத்தவனும் விட்டான். அதற்குள் காய்ந்த காற்றுப் பட்டு அந்தப் பக்கத்து மிஷின்களில் இழை இழையாக அறுந்தது. மேஸ்திரி ஓடி வந்தார். வாய் அசைந்ததைப் பார்த்தால் என் அப்பன் பாட்டன் வரைக்கும் போயிருப்பார் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கைத் திரும்ப அடைத்துவிட்டு, அறுந்ததையெல்லாம் ஒட்ட ஓடினோம்.

மறுநாள் மூன்று மணிக்குக் கோலி தன் சைடின் ஓரத்தில் நின்றார். மேஸ்திரியும் சற்றுத் தள்ளி நின்றார். நான் முதலில் போனேன். எனக்குப் பின்னால் பாய் வந்தார். அப்புறம் மாவு சலிக்கக் கை கேட்டவன் வந்தான். ஒருத்தரும் கோலியின் முகத்தைப் பார்க்கவில்லை. வந்து, ஆளுக்குக் கொஞ்ச தூரம் பிரித்துக்கொண்டு, இழையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய இரண்டு சைடுக்கு ஆறு பேர். இடிக்காமல் நடப்பதே கஷ்டமாக இருந்தது. பாய் பின்பக்கமாகக் கையை ஆட்டினார், ஈ ஓட்டுகிற மாதிரி. போ என்று அர்த்தம். கோலி தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஆட்டம் பார்க்க யாரையும் அனுப்பவில்லை. போகிறவன் எவன் என்று பாய் கேட்டபோது ஒருத்தரும் தன் முறையைக் கேட்கவில்லை. ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. மிஷின் நின்றதுதான் தாமதம், எல்லாரும் ஓடினோம். தண்டவாளத்தைத் தாண்டி, தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சாக மைதானத்துக்குள் நுழைந்தோம். கடைசிக் கால் மணி நேரம் கிடைத்தது. இரண்டு டீமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தன. இன்னும் ஒன்று போட்டால் கோப்பை எங்களுக்கு.

எங்கள் டீம் ஆட்கள் எல்லாரும் முன்னால் ஏறி நின்றார்கள். கோலைக் காக்க அவர் ஒருத்தர்தான். அதனால் பந்து திரும்பி வந்தபோதெல்லாம் அவர் தனியாக நின்றார். ரயில் டீமில் எல்லாருக்கும் பூட்ஸ். எங்களுக்கு வெறுங்கால். பூட்ஸ் போட்ட ஆள் ஒருத்தர் பந்தோடு தனியாக வந்தார். கோலி காத்திருக்கவில்லை. ஓடி வந்து, அந்தக் காலடியிலேயே தலையைக் கொடுத்துப் பாய்ந்தார். புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது பந்தை வயிற்றோடு அணைத்துக் கிடந்தார். அடுத்தது மேல் மூலைக்குப் போன பந்து. அது உள்ளே போய்விட்டது என்று நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவர் இன்னும் தரைக்கு வரவில்லை. விரல் நுனியில் பட்டு பந்து கம்பத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கத்தவில்லை. சத்தத்துக்குள் வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பெரிய விஷயம் ஏதும் நடந்தால் எங்களுக்குச் சத்தம் வராது. பஞ்சுத் தலையோடு அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். பக்கத்தில் தினமும் இழை ஒட்டுகிற மனிதர் இவர்தானா என்று இருந்தது.

எங்களுக்கு அடுத்த கோல் விழவில்லை. அவர்களுக்கும் விழவில்லை. விசில் ஊதிற்று. ரயில்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டாவது.

கோலி மெதுவாக எங்கள் பக்கம் நடந்து வந்தார். நெற்றியில் பூட்ஸ் பட்டு ரத்தம் வழிந்தது. அவர் பாய் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"என் சைடு ஓடுதா பாய்?"

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருடைய நெற்றியில் அழுத்தினார்.

"மில்லே நின்னு அர மணி நேரம் ஆச்சுடா" என்றார். "சங்கு ஊதுற வரைக்கும் ஒரு எழைகூட அறுந்துபோகல. ஆறு பேரு நின்னோம், அறுந்தாத்தான அதிசயம்."