இரண்டு பெட்டிகளில் அண்ணன் குரல்

அண்ணனின் வால்வு ஆம்ப்ளிஃபயரை நினைத்தால் முதலில் அதன் சூடுதான் நினைவுக்கு வருகிறது. ஸ்விட்சைப் போட்டதும் பாடிவிடாது. வால்வு என்னும் கண்ணாடிக் குழல்களுக்குள் கம்பி மெல்லச் சிவந்து, தூசி காயும் வாசனை கிளம்பிய பிறகே வாய் திறக்கும். பிள்ளையார்பாளையத்து வீட்டில் அந்தப் பெட்டியைத் தொட அவர் யாரையும் விட்டதில்லை. நான் வைத்திருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "உன்னுது எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்குதுபா. பாட்டு கேக்கறமா, எக்ஸ்ரே பாக்கறமா?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "நீ நெய்யற சேலையை மட்டும் வாசல் வெயில்ல விரிச்சுப் பாக்கச் சொல்றியே, சத்தத்துக்கு மட்டும் திரை போடுவியா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டுவார். நியாயமாகச் சொன்னால் அவர் பக்கமும் உண்மை உண்டு. வால்வில் குரல் உருண்டு வரும்; காது வலிக்காமல் மணிக்கணக்கில் கேட்கலாம். என்னுடையது தெளிவு, ஆனால் பதிவில் இருக்கும் குறையையும் சேர்த்தே சொல்லிவிடும்.

அண்ணன் தறியில் உட்கார்ந்தால் பதிகம் பாடுவார். ஒருநாள் அண்ணி தன் போனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து, ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டார். அதை வால்வில் போட்டுக் கேட்டபோது அண்ணனுக்கே பெருமை பிடிபடவில்லை. சில மாதங்களில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர் திரும்பி வரவில்லை. ரொம்பத் தாமதமாகக் கூட்டி வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். அந்தச் சொல் அண்ணியை அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தப் பதிவுதான். "எவ்ளோ கணீர்னு பாடறாரு பாரு. அப்ப நல்லாத்தான இருந்தாரு?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். நல்லாத்தான் இருந்தார் என்று நாங்களும் சொல்வோம்.

போன வருஷம் அண்ணன் பெட்டியில் ஒரு வால்வு போய்விட்டது. அண்ணி தவித்ததைப் பார்க்கமுடியாமல் என் ஆம்ப்ளிஃபயரை அதே ஸ்பீக்கரில் மாட்டினேன். குரலுக்கு முன்னால் மூச்சு கேட்டது. ஒவ்வொரு அடி முடிந்ததும் வாயால் காற்றை இழுக்கிறார். நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். ஓரிடத்தில் தறி நிற்கும். அடுத்த அடியை யோசிக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்தோம். இல்லை, இருமலைத் துணியில் அமுக்கிக்கொண்டிருக்கிறார். அமுக்கிவிட்டு, அடுப்படிவரை கேட்கட்டும் என்று இன்னும் உரக்க எடுக்கிறார். பாவி மனுஷன். அண்ணி அழவில்லை. "அப்பவே முடியலியாபா?" என்று மட்டும் கேட்டார். என் பெட்டியைத் தூக்கிப்போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

சென்னையெல்லாம் அலைந்து அதே மாதிரி வால்வு ஒன்றைப் பிடித்து வந்து, பழைய பெட்டியைச் சரிசெய்து பதிவைப் போட்டேன். மூச்சும் இருமலும் உள்ளே அமுங்கிப்போக, அண்ணன் நோயே இல்லாதவராகப் பாடினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி பாதியிலேயே எழுந்து நிறுத்திவிட்டு, என்னுடையதையே மறுபடி மாட்டச் சொன்னார். "எதுக்கு அண்ணி, அதுல கேக்கவே கஷ்டமா இருக்குதே" என்றேன்.

"அதுலதான்பா அவரு முடியாம இருக்கறாரு. அன்னிக்கு நான் அடுப்படியில இருந்துட்டேன். இப்பவாவது பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறேன்."